விரல் இல்லாமல் காட்டிய தொண்ணூற்றேழு

இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர். கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. எங்கள் வீடு நெய்யாற்றின்கரை தாலுகாவில் குளத்தூர் பக்கம். வடக்கே போனால் பாறசாலை, தெற்கே போனால் பொழியூர் கடல். ஜங்ஷனில் நான் ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். டிசம்பர் வந்தால் எங்கள் சபை கரோல் குழுவுக்கு உடுப்பு தைப்பது என் பொறுப்பு. கிறிஸ்மஸ் தாத்தாவின் சிவப்பு வெல்வெட் அங்கியும் என் கைவேலைதான்.

என் வீட்டுக்காரர் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிற வாத்தியார். பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. ஆள் தங்கமானவர்தான். ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே இருப்பவர் சொல்வதில் பிழை இருந்தால் அதைத் திருத்தாமல் இவருக்குச் சோறு இறங்காது. "கரண்டு போச்சு" என்று நான் சொன்னால், "கரண்டு எங்கயும் போவல்ல, சப்ளை நின்னு போச்சு" என்பார். மீன்காரி வெயிட் ஒரு கிலோ என்றால், அது வெயிட் இல்லை, மாஸ் என்று அவளுக்குப் பாடம் எடுப்பார். அவள் பாவம், கூட ரெண்டு சாளையைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாங்கிய திருத்தங்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம்.

அந்த டிசம்பரில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் கொஞ்சம் சளி கட்டியிருக்கிறது, அட்மிட் ஆகிவிடுங்கள் என்றார். இவர் கேட்கவில்லை. கரோல் சமயத்தில் ஆஸ்பத்திரியில் படுக்க முடியாது என்று அங்கேயே வாதாடினார். கடைசியில் டாக்டர் ஒரு நிபந்தனையோடு விட்டார். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிற அந்தச் சின்ன ஆக்சிமீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு தினமும் பார்க்க வேண்டும். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும்.

இவர் ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவான ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். வந்த அன்று வீட்டில் எல்லோர் விரலிலும் மாட்டிப் பார்த்தார், பால் கொண்டுவந்த ஆளையும் விடவில்லை. எனக்கு அதன் பெயர் வாயில் நிற்கவே இல்லை. தெர்மாமீட்டர் என்றுதான் வரும்.

"எடி, தெர்மாமீட்டரு காய்ச்சல் பாக்கியது. இது ஆக்சிமீட்டராக்கும்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார். மூச்சு வாங்கிக்கொண்டே திருத்துவார்.

எங்கள் பகுதி ஜெபக்குழுவுக்கு வாட்ஸப்பில் ஒரு குரூப் உண்டு. யாருக்காவது சுகமில்லை என்றால் அதில் போடுவோம், எல்லோரும் அவரவர் வீட்டில் ஜெபிப்பார்கள். இவருக்காகவும் ஜெபித்தார்கள். ஆனால் ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததா என்று எங்கள் ஆட்களுக்கு உடனே தெரிய வேண்டும். அதனால் தினமும் சாயங்காலம் அந்தக் கருவி காட்டுகிற எண்ணைப் படம் எடுத்துக் குரூப்பில் போடுவது என் வேலை ஆயிற்று. தொண்ணூற்றைந்து என்று போட்டால் வரிசையாக ஆமென் வரும், கூப்பிய கைகள் வரும், ஒரு மாமி மட்டும் எதற்கும் ரோஜாப்பூ அனுப்புவார். கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள்கூட, "சாருக்கு இன்னைக்கு எத்தற?" என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோலக் கேட்பார்கள். நானும் சொல்லுவேன். ஊருக்கே அவர் இப்போது ஒரு எண் ஆகிவிட்டார்.

நான் சொல்ல வந்த அந்த நாளில் மத்தியானம் பார்த்தபோது தொண்ணூற்று நாலு. புறப்படுவோம் என்று பையை எடுத்தேன்.

"தொண்ணூத்தி நாலுக்குக் கீழன்னுதான் டாக்டர் சொன்னாரு. இது நாலு. நாலு, நாலுக்குக் கீழ இல்ல" என்றார்.

கணக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் என் கோபம் கணக்குக்கு அடங்கவில்லை. சாயங்காலம் இன்னொரு தடவை பார்ப்பேன், ஒன்று குறைந்திருந்தாலும் ஆளைத் தூக்கிக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டுப் பையைக் கதவுப் பக்கத்திலேயே வைத்தேன். அவரும் சம்மதித்தார். அந்தச் சாயங்காலத்து எண்ணில்தான் எல்லாம் இருந்தது.

அன்றுதான் கரோல் தொடங்குகிற நாள். வருஷா வருஷம் எங்கள் வீட்டில் பாடித் தொடங்கிவிட்டுத்தான் குழு மற்ற வீடுகளுக்குப் போகும். வெளியே வர முடியாத மனுஷன் படுத்த இடத்திலிருந்தே கொண்டாட வேண்டும் என்று, கட்டில் தலைமாட்டிலும் பக்கத்து ஜன்னலிலும் சீரியல் லைட்டைத் தொங்கவிடச் சொன்னார். புதிதாக வாங்கிய எல்இடி. திரைச்சீலைபோலக் கட்டிலின் மேல் வரைக்கும் தொங்கும். ரிமோட் வேறு. நானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். போட்டதும் அறை பகலாகிவிட்டது. இவருக்குக் கண் கூசியது, தலை வலிக்கிறது என்றார். சரி என்று ரிமோட்டில் குறைக்கிற பட்டனை அமுக்கி அமுக்கி, பால் வெளிச்சம் மாதிரி மங்கலாக்கினேன். மின்னவில்லை, துடிக்கவில்லை, ஒரே சீராக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கவே எனக்கு நிம்மதியாக இருந்தது.

கருவியை விரலில் மாட்டி, கையைப் போர்வைக்குள் வைத்தேன். போர்வை என்றால் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி. கை ஐஸ் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போர்வையை லேசாக விலக்கிக் கருவியின் முகத்தை மட்டும் பார்த்தேன்.

தொண்ணூற்றேழு.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பார்க்காத எண். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். ஆமென் மழை கொட்டியது. ரோஜாப்பூ மாமி அன்றைக்கு ஒரு கூடை ரோஜா அனுப்பினார். கதவுப் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

பிறகு பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து, "இந்த தெர்மாமீட்டருக்கு இப்பம்தான் நல்ல புத்தி வந்திருக்கு" என்றேன்.

"ம்" என்றார். அவ்வளவுதான்.

நான் டம்ளரோடு நின்றேன். தெர்மாமீட்டர் என்று சொல்லியிருக்கிறேன். அவர் திருத்தவில்லை. எனக்குள் என்னமோ சுருக்கென்றது. ஆள் அசதியில் இருக்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயாவும் குடிக்கவில்லை. சின்னச் சின்னதாக மூச்சை இழுத்தார். என்ன செய்கிறது என்று கேட்டேன். தலையை ஆட்டி, கருவி பக்கம் கண்ணைக் காட்டினார். அதுதான் தொண்ணூற்றேழு என்கிறதே, பின்ன என்ன என்கிற மாதிரி. நானும் அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆறரை ஏழு மணி இருக்கும். பிக்கப் வண்டியில் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், மூங்கில் நட்சத்திரம், டிரம் எல்லாமாகக் கரோல் குழு வந்து இறங்கியது. பத்திருபது பேர் அறைக்குள் நெருக்கியடித்து நின்று பாடினார்கள். இவருடைய அடிக்குரல் இல்லாமல் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்துபோய்க் கேட்டது. இவர் உதட்டை மட்டும் அசைத்தார். பாடி முடித்ததும் பாடகர் குழுத் தலைவர், "சாருக்கு எத்தற உண்டு இன்னைக்கு?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் தொண்ணூற்றேழு என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. நல்ல உயரம், நல்ல உடம்பு. என் வீட்டுக்காரருக்குத் தம்பி மாதிரி.

"அக்கா, சாருக்க கையைப் பிடிச்சு ஒரு போட்டோ எடுக்கட்டு. மெஷினும் தெரியணும். குரூப்பில போடுவோம்" என்றார்.

நான் போனை எடுத்துக்கொண்டு நின்றேன். தாத்தா கட்டிலில் உட்கார்ந்தார். நான் போர்வையை முழுக்க விலக்கினேன்.

கருவி அங்கே இருந்தது. விரல் இல்லை.

நான் பார்த்தது எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கருவி தனியாக மெத்தையில் கிடந்தது. கை மரத்துக் கிடந்ததில் அவருக்கே தெரியாமல் எப்போதோ விரலிலிருந்து நழுவியிருக்கிறது. அதன் வாய் போர்வையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் தொண்ணூற்றேழு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நாடித் துடிப்பைக் காட்டுகிற அந்தச் சின்னக் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஆரோக்கியமான ஒரு மனுஷனுடைய நாடி மாதிரித் துள்ளியது. இவருடைய கை இரண்டும் நெஞ்சின் மேல் இருந்தன.

தாத்தா வேஷக்காரர் அதை எடுத்துப் பார்த்தார். பஞ்சுத் தாடிக்கு மேல் அவர் கண் இரண்டும் உருண்டன.

"அக்கா... அப்பம் இது யாருக்க நெஞ்சு அடிக்கியது?"

டிரம் அடிக்கிறவர் கையை நிறுத்திவிட்டார். நான் இவருடைய கையைப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நகம் எல்லாம் நாவல்பழம் நசுக்கின நிறம். உதடும் அதே நிறம். அந்த மங்கலான வெளிச்சத்தில் இதுவரைக்கும் எனக்கு எதுவும் தெரியவில்லை. "இஞ்ச பாருங்க, இஞ்ச பாருங்க" என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்தார், யாரையோ பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். நான் கத்திய கத்தலில் நட்சத்திரம் பிடித்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண ஒருவர் வெளியே ஓடினார். தாத்தா வேஷக்காரர் காத்திருக்கவில்லை. "எலே, வண்டியை எடு!" என்று டிரைவரை ஒரு சத்தம் போட்டுவிட்டு, இவரை அப்படியே இரண்டு கையிலும் வாரி எடுத்தார். முன் சீட்டில் இவரை என் மேல் சாய்த்து உட்காரவைத்தார்கள். தாத்தா பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் தொற்றிக்கொண்டார்.

அந்தப் பயணத்தை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். டிரைவருக்குப் பதற்றத்தில் ஸ்பீக்கரை நிறுத்தத் தோன்றவில்லை. வண்டி முழுக்க விளக்கு மின்னுகிறது, பாட்டு அலறுகிறது, பின்னால் கிறிஸ்மஸ் தாத்தா நின்றுகொண்டு "வழி விடுங்கோ, வழி விடுங்கோ" என்று கை வீசுகிறார். ரோட்டோரத்தில் நின்றவர்கள் அவர் வாழ்த்துகிறார் என்று நினைத்துத் திருப்பிக் கை வீசினார்கள். பிள்ளைகள் மிட்டாய் கேட்டுக் கூடவே ஓடி வந்தார்கள். நான் இவருடைய தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "தெர்மாமீட்டரு, தெர்மாமீட்டரு" என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே போனேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று டிரைவருக்குத் தெரியாது. ஒரு தடவை திருத்திவிட்டால் போதும், ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவர் திருத்தவே இல்லை.

பாறசாலையில் ஒரு ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் நர்ஸ் வேறொரு கருவியை அவர் விரலில் மாட்டினாள். மாட்டுமுன் அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள். மாட்டியபிறகு ஒரு துணியால் கருவியை இருட்டாக மூடினாள். எண் வந்தது. எழுபத்தொன்பது.

அவள் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சேச்சி, எந்தா இத்தற தாமசிச்சது?" என்று கேட்டாள். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறாள். நான் கையில் இறுக்கிப் பிடித்திருந்த எங்கள் கருவியை நீட்டினேன். அதற்குள் ஒரு இளம் டாக்டர் பெண்ணும் கூட ஆட்களும் வந்து, முகமூடி வைத்து, ஆக்சிஜன் ஏற்றி, ஊசி போட்டு, எக்ஸ்ரேக்கு அனுப்பினார்கள். இரண்டு பக்க நுரையீரலிலும் நிமோனியா பரவியிருந்தது. அந்த டாக்டர் பெண் என்னிடம் சுற்றி வளைக்கவில்லை. கரோல் பாடி முடித்துத் தூங்கட்டும் என்று விட்டிருந்தால் காலையில் எழுந்திருக்க மாட்டார் என்றாள்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கிறிஸ்மஸ் தாத்தா உட்கார்ந்திருந்தார். அங்கி அவர் மேல் இல்லை. கை கால் சில்லிட்டிருக்கிறது என்று நர்ஸ் சொன்னதும், அதைக் கழற்றி இவர் மேல் போர்த்தக் கொடுத்திருந்தார். என் கையால் தைத்த வெல்வெட்.

அப்போது என் போன் டொக்கு டொக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஜெபக்குழு. விஷயம் தெரியாதவர்கள் என் தொண்ணூற்றேழுக்கு இன்னமும் ஆமென் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அவர்கள் மேல் ஆத்திரமா, கருவி மேலா, இவர் மேலா, ஒன்றும் தெரியவில்லை. "அந்தப் படம் பொய். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். இப்போது ஜெபியுங்கள்" என்று மட்டும் அடித்து அனுப்பினேன். அதன் பிறகு ஒரு ஆமெனும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆட்கள்தான் வந்தார்கள். ரோஜாப்பூ மாமி ஒரு பிளாஸ்க் கஞ்சியோடு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆபத்து நீங்கி, மூக்கில் குழாயோடு பேசுகிற அளவுக்கு இவர் தேறியபிறகுதான் நடந்ததை முழுசாகச் சொன்னேன். போர்வையைக் கடித்துக்கொண்டு தொண்ணூற்றேழு காட்டியது என்றதும் அவர் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பார்த்தால், கண்ணில் ஒரு வெளிச்சம். ப்ளஸ் டூ வகுப்புக்குள் நுழைகிறபோது இருக்கிற அதே வெளிச்சம்.

"லைட்டை மங்கலாக்கியது எப்பம்? மெஷினை மாட்டியதுக்கு முந்தியா, பெறவா?"

முந்தி என்றேன். அவ்வளவுதான், வாத்தியார் தொடங்கிவிட்டார். பேசக் கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை வந்து அதட்டினாள், கேட்கவில்லை. எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

அந்தக் கருவிக்குள் இரண்டு குட்டி விளக்கு உண்டாம். ஒன்று சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. ஒரு செகண்டுக்குள் பல நூறு தடவை இது எரிந்து அணையும், அது எரிந்து அணையும், அப்புறம் இரண்டும் அணைந்து இருட்டாக இருக்கும். விரலைத் தாண்டி எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று எதிர்ப்பக்கம் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த இருட்டு நேரத்தில் உள்ளே வருகிற வெளிச்சம் அறையின் வெளிச்சம் என்று வைத்துக்கொண்டு, கணக்கிலிருந்து அதைக் கழித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு இமைப்பொழுதில் அறையின் வெளிச்சம் மாறாது என்று அது நம்புகிறது.

எங்கள் சீரியல் லைட் மாறியது. மங்கலாக்கும்போது அந்த விளக்கு உண்மையில் மங்குவதே இல்லையாம். முழு வெளிச்சத்தில் எரியும், முழுசாக அணையும். இதைக் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் செய்யும். எரிகிற நேரத்தைக் குறைத்து, அணைந்திருக்கிற நேரத்தைக் கூட்டினால் நமக்கு மங்கலாகத் தெரியும். நான் சாந்தமான பால் வெளிச்சம் என்று நினைத்தது, பைத்தியம் பிடித்த மாதிரி எரிந்து அணைந்துகொண்டிருந்த வெளிச்சம்.

வெளிச்சம் என்பது ஃபோட்டான் என்கிற துகள்களாக வருகிறது என்றார். விளக்கை அணைத்தால், ஏற்கெனவே புறப்பட்டது நடுவழியில் நிற்காது, போய்ச் சேர்ந்துவிடும். புதிதாகப் புறப்படுவதுதான் நிற்கும். ஆகவே இப்படி அடித்து அணைக்கிற விளக்கிலிருந்து துகள்கள் கூட்டம், இடைவெளி, கூட்டம், இடைவெளி என்று வரும், ஆராதனை முடிந்து ஆட்கள் வாசலில் பிதுங்கிப் பிதுங்கி வெளியே வருகிற மாதிரி. மெல்லிய போர்வை வழியாக அந்தக் கூட்டங்கள் கருவிக்குள் நுழைந்தன. அதன் கண் அவற்றையும் எண்ணியது. விளக்கின் வேகமும் கருவியின் வேகமும் சரியாக ஒத்துப்போகாததால் எண்ணிக்கை மெல்ல மெல்லக் கூடிக் குறைந்தது, அதை நாடி என்று எடுத்துக்கொண்டது. எல்லாக் கருவியும் இப்படி ஏமாறாது, நல்ல கருவி சந்தேகம் வந்தால் எண்ணே காட்டாது, இது மலிவுச் சரக்கு என்றும் சொன்னார்.

"எந்தத் துகளிலயும், நான் இந்த பல்பிலேந்து வாறேன்னு எழுதி ஒட்டியிருக்காது, கேட்டியா? வந்ததை எண்ணும். அது பொய் சொல்லல்ல, கண்டதச் சொன்னது" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கே வெடித்தது.

"செரி, அது பொய் சொல்லல்ல. நீங்க ஏன் சொன்னீங்க? மூச்சு முட்டியது உங்களுக்குத் தெரியாதா? நான் கேட்டப்பம் ஏன் அந்த எழவு எடுத்ததைக் காட்டினீங்க?"

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்திலிருந்த வகுப்பறை வெளிச்சம் போய்விட்டது. போர்வையின் நூலைப் பிய்த்தார்.

"நெஞ்சு அடைச்சுதுதான். ஆனா நம்பரு செரியா இருந்துதே. எனக்குத்தான் தப்பா தோணுதுன்னு நெனச்சேன்."

அந்த வாரத்தில் எனக்கு எத்தனையோ அதிர்ச்சி. விரல் இல்லாத கருவியைப் பார்த்ததைவிடப் பெரிய அதிர்ச்சி இதுதான். உலகத்தில் யார் என்ன சொன்னாலும் திருத்துகிற மனுஷன். டாக்டரிடமே வாதாடுகிற மனுஷன், நாலு, நாலுக்குக் கீழே இல்லை என்று என் வாயை அடைத்த மனுஷன். மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தபோது, ஒரு பிளாஸ்டிக் துண்டு சொன்னதைச் சரி என்றும் தன் நெஞ்சு சொன்னதைத் தப்பு என்றும் திருத்திக்கொண்டிருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். நர்ஸ் வந்தாள், இந்தத் தடவை அதட்டாமல் போய்விட்டாள்.

அடுத்த நாள் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். பட்டப்பகல்தான். ஆனாலும் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவர் சொல்லிக் கொடுத்தபடி செய்து பார்த்தேன். போர்வையின் ஓரத்தைக் கருவியின் வாயில் கொடுத்தேன். விளக்கு எரியாதபோது வெறும் கோடு. முழு வெளிச்சம் வைத்தேன், அப்போதும் கோடு. ரிமோட்டில் குறைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. துணியை லேசாகத் திருப்பி வைத்தேன். கோடு துள்ளத் தொடங்கியது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. ஆளில்லாத கட்டிலில் ஒரு போர்வை சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. போனில் ஸ்லோமோஷன் வைத்து விளக்கை எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தது. போனைத் தாழ்த்திவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். அதே சாந்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உடுப்பைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடி வந்துவிட்டேன்.

அவர் வீடு திரும்பியபோது கிறிஸ்மஸ் முடிந்திருந்தது. போன வருஷக் கரோலில் மறுபடியும் பாடினார். அடிக்குரலில் பழைய ஆழம் இல்லை என்று அவரே சொல்கிறார். எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, தெரியவும் வேண்டாம். சீரியல் லைட் இப்போது வாசல் மாமரத்தில் மட்டும்தான். ஜெபக்குழுவில் எண்ணைப் படம் எடுத்துப் போடுகிற வழக்கம் நின்றுவிட்டது. யாருக்காவது சுகமில்லை என்றால் இரண்டு பேர் நேரில் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். வெல்வெட் அங்கியை நான் துவைத்து, தையல் பிரிந்த இடத்தைத் தைத்துக் கொடுத்தேன்.

டாக்டர் சொன்ன நல்ல கருவி ஒன்றும் வாங்கியிருக்கிறோம். சளி பிடித்தால் மாட்டிப் பார்ப்போம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு என்று ஒரு கருவி உண்டு, அது யாருக்கும் தெரியாது. தினமும் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவேன். கரண்டு போச்சு என்பேன், தெர்மாமீட்டர் எங்கே என்பேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "எடி, அது ஆக்சிமீட்டராக்கும்" என்று அந்தச் சலித்த குரல் வருகிற வரைக்கும், நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.